டிரஸ்ட் பத்திரத்தில் "சமபாகம்" என்றால் யாருக்கு எவ்வளவு?

பெரியவர் ஒருவர் தம் கடைக் கட்டிடத்தைக் குடும்ப டிரஸ்டாக எழுதி வைக்கிறார். "வாடகை வருமானத்தை என் இரு மகன்களின் பிள்ளைகளும் சமபாகமாக அனுபவித்து வர வேண்டியது" என்பது ஷரத்து. மூத்த மகனுக்கு ஒரு பிள்ளை, இளையவருக்கு நான்கு. ஆண்டு வாடகை ரூ.1,20,000 என்று வைத்துக்கொள்வோம். கிளைவாரியாகப் பிரித்தால் மூத்தவர் பிள்ளைக்கு 60,000. மற்ற நால்வருக்கும் தலைக்கு 15,000. ஆள்வாரியாகப் பிரித்தால் ஐவருக்கும் 24,000. அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோக இது போதாதா?

வழக்கு வந்தால் நீதிமன்றம் எப்படிப் பார்க்கும்?

முதலாவது, பத்திரத்தின் ஷரத்துக்களுக்குப் பத்திரமே சாட்சி. எழுத்து தெளிவாக இருக்குமிடத்தில் "தாத்தா என்னிடம் வேறு மாதிரி சொன்னார்" என்பது எடுபடாது.

இரண்டாவது, ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்க்கமாட்டார்கள். பத்திரம் முழுவதையும் சேர்த்தே படிப்பார்கள். வேறோரிடத்தில் "ஒரு மகனுக்குச் சந்ததி இல்லாவிடில் அவர் கிளையின் பாகம் மறு கிளைக்குச் சேரும்" என்றிருந்தால், கிளைவாரி என்ற வாதத்திற்கு அது பலம்.

மூன்றாவது, இரண்டு ஷரத்துக்கள் முரண்பட்டால் முதலில் இரண்டையும் இணக்கமாகப் படிக்க முயல்வார்கள். முடியாவிட்டால் பத்திரத்தில் முன்னதாகக் கொடுத்த உரிமையே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1960-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் கூறியுள்ளது. உயிலில் இது தலைகீழ்: 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 88-ஆவது பிரிவின்படி பின்னது நிற்கும்.

டிரஸ்டியாக இருப்பவர் கவனிக்க வேண்டியது: 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் 17-ஆவது பிரிவின்படி அவர் எல்லாப் பயனாளிகளிடமும் பாரபட்சமின்றி நடக்கக் கடமைப்பட்டவர். தம் பிள்ளைக்குச் சாதகமாகத் தாமே பொருள் சொல்லிப் பணத்தைப் பிரித்துவிடக் கூடாது. நிர்வாகத்தில் சந்தேகம் வந்தால் 34-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடராமலே மனுச் செய்து நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். ஆனால் சிக்கலான கேள்விகளுக்கு அது வழியல்ல. பாகம் யாருக்கு எவ்வளவு என்ற தகராறு முற்றினால் வழக்குத்தான்.

பயனாளிகளும் வதந்தியை நம்பிச் சண்டையிட வேண்டாம். டிரஸ்ட் பத்திரத்தையும் கணக்குகளையும் பார்வையிட்டு நகல் எடுக்க 57-ஆவது பிரிவு உரிமை தருகிறது. முதலில் பத்திரத்தைப் படியுங்கள்.

இவை குடும்ப டிரஸ்டுக்கு உரியவை. ஊருக்குப் பொதுவான தர்மங்களுக்கு வழி வேறு.

இனி எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளைவாரியா, ஆள்வாரியா? மகள் வயிற்றுப் பேரன் பேத்தி உண்டா? பின்னால் பிறப்பவர்களுக்குப் பங்கு உண்டா? ஒருவர் இறந்தால் அவர் பாகம் யாருக்கு? இந்த நான்கையும் பச்சையாக எழுதச் சொல்லுங்கள். சரக்குக் கொள்முதலில் எடையும் விலையும் எழுதாமல் நாம் கையெழுத்திடுவதில்லையே!