மரண விசாரணையும் மக்கள் நலமும்

மங்கலமான விழா மலரொன்றிலே மரணத்தைப் பற்றிய கட்டுரையா என்று அன்பர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். தமிழாசிரியர் ஒருவருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று வினவுவாரும் உளராவர். அவ்வினா நியாயமானதே. யாம் மருத்துவம் கற்றதில்லை, சட்டமும் கற்றதில்லை. ஆயினும், மரண விசாரணை நடந்த இடமொன்றிற்குச் சென்று, ஒரு பொய்யை எழுதித் தருமாறு அதிகாரி ஒருவரை வேண்டிய குற்றம் எமக்குண்டு. அக்குற்றத்தை உணர்ந்த பின்னரே இப்பொருளைத் தேடிக் கற்கலானோம். கற்றதைப் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் இளைஞர்க்கும், உடனாசிரியர்க்கும் இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

2004ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது அது. யாம் ஆசிரியப் பணிக்குப் புதியோமாயிருந்த காலம். எம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தையார் கமக்காரர். வீட்டிலே எழுந்த மனத்தாங்கல் ஒன்றின்போது, பயிருக்கென்று வாங்கி வைத்திருந்த கிருமிநாசினியால் அவர் உயிர் போயிற்று. விசாரணை தொடங்குமுன் மாணவனின் பெரியதந்தையார் எம்மை ஒருபுறம் அழைத்து, "மாஸ்ரர், வீட்டிலே மூன்று பெண்பிள்ளைகள் இருக்கினம். மாரடைப்பு என்று எழுதச் சொல்லுங்கோ. பிரேதத்தையும் வெட்டாமல் தரச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்" என்று கண்ணீரோடு இரந்தார். யாமும் மனமிரங்கித் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் சென்று அவ்வாறே கேட்டோம்.

முதியவரான அவ்வதிகாரி எம்மைச் சினந்திலர். "மாஸ்ரர், இந்த ஆண்டிலே இப்படிப் போனவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் நான் மாரடைப்பு என்று எழுதிவிட்டால், இந்த நஞ்சு இத்தனை உயிரைத் தின்கிறது என்று மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு இன்னொரு வீட்டிலே பந்தல் போடுவார்கள்" என்றார். யாம் தலைகுனிந்து திரும்பினோம். அவர் கூறியதன் முழுப்பொருளும் எமக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

மரண விசாரணை என்றதும் கொலையும் கள்ளமும் நீதிமன்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது தோன்றிய வரலாறும் அத்தகையதே. இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டிலே மரண விசாரணை அதிகாரி என்னும் பதவி நிறுவப்பட்டது. மக்கள் எதனால் மடிந்தனர் என்னும் கவலையினாலன்று, மன்னனுக்குச் சேரவேண்டிய பொருள் சேரவேண்டும் என்னும் கருத்தினாலேயே அது பெரிதும் தோன்றியது. மரணத்தை எண்ணி அதனின்று வாழ்வார்க்குப் பயன் காணலாம் என்னும் எண்ணம் பின்னாளில் உதித்தது. இலண்டனில் ஜோன் கிரௌண்ட் என்னும் வணிகர் இருந்தார். அந்நகரின் கோயிற்பற்றுகளிலே இறந்தோர் தொகையையும், காரணத்தையும் குறித்து வாரந்தோறும் வெளியிடப்பட்ட பட்டியல்களை அவர் திரட்டி ஆராய்ந்து, 1662ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அப்பட்டியல்களுக்கு வேண்டிய செய்தியை வீடுவீடாகச் சென்று பிரேதத்தைப் பார்த்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத முதிய பெண்கள். அவர்கள் சொன்னவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. எனினும் ஓராண்டை மற்றோராண்டோடும், ஒரு நோயை மற்றொரு நோயோடும் ஒப்பிட்டு நோக்கிய கிரௌண்ட், மரணத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைக் கண்டார். இன்றைய பொதுச் சுகாதார ஆராய்ச்சியின் வேர்களில் ஒன்று அந்நூலாகும்.

இனி, நம் நாட்டு முறையை நோக்குவோம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இவ்விசாரணைக்கு ஆதாரமாயுள்ளது. ஒருவர் தம்முயிரைத் தாமே மாய்த்தாலும், விபத்தினாலோ விலங்கினாலோ இயந்திரத்தினாலோ இறந்தாலும், காரணம் அறியப்படாது திடீரென மாண்டாலும் விசாரணை நடத்தப்பட வேண்டும். அதிகாரி பிரேதத்தைப் பார்வையிடுவார். உறவினரையும் அயலவரையும் வினவுவார். வேண்டுமிடத்து வைத்திய அதிகாரியைக் கொண்டு பிரேத பரிசோதனை செய்விப்பார். சட்ட மருத்துவம் கற்ற வைத்தியர் உடலின் உள்ளும் புறமும் ஆராய்வார். நஞ்சு என்னும் ஐயம் எழுந்தால் உடற்கூறுகளின் மாதிரிகள் அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்படும். இவையெல்லாம் கூடியே மரணத்தின் காரணம் துணியப்படுகிறது.

ஒரு வீட்டாருக்கு இது ஒரு மரணம். நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு. ஆனால் இத்தகைய அறிக்கைகள் நூறும் ஆயிரமும் ஓரிடத்தே சேரும்போது, தனித்தனியே நோக்கிய எவர்க்கும் புலப்படாத செய்தியொன்று அவற்றினின்று வெளிப்படும். எந்த வயதினர், எந்த ஊரினர், எந்தப் பருவத்தில், எந்தப் பொருளினால் மடிகின்றனர் என்பதே அச்செய்தி. நோயுற்றோரை வைத்தியசாலைப் பதிவுகளிலே காணலாம். வைத்தியசாலையை அடையாமலே வீதியிலும் வயலிலும் கிணற்றிலும் வீட்டிலும் இறந்தோரைக் காட்டுவது மரண விசாரணைப் பதிவேயாகும்.

இலங்கையின் அனுபவம் இதற்குத் தலைசிறந்த சான்று. 1950ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 6 அல்லது 7 பேரே தற்கொலையால் இறந்தனர். 1995ஆம் ஆண்டளவில் அத்தொகை 47 ஆக உயர்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. மரண விசாரணைகளின் முடிவுகளைப் பொலிஸ் திணைக்களம் தொகுத்து வைத்திருந்தது. இறந்தோர் வயது, பால், இறந்த முறை ஆகிய யாவும் அத்தொகுப்பில் இருந்தன. அதனை ஆராய்ந்தோர், அம்மரணங்களில் மிகப் பலவற்றுக்குக் கமத்தொழிலில் வழங்கிய நச்சு மருந்துகளே காரணம் எனக் கண்டனர்.

இவ்விடத்தே ஒரு தடை எழும். சாகத் துணிந்தவனை நஞ்சின் பெயரை மாற்றித் தடுக்க இயலுமோ? ஒன்றில்லையேல் இன்னொன்றை நாடானோ? நாமெல்லாம் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் உண்மை வேறு. அவ்வாறு செய்வோரிற் பலர் நெடுநாள் எண்ணித் துணிந்தவரல்லர். கணப்பொழுதில் மூண்ட கோபத்தாலோ துயரத்தாலோ கைக்கெட்டியதை எடுத்தவர் அவர். பிழைத்தெழுந்தவர் பலர் அதன்பின் வாழவே விரும்புகின்றனர். ஆதலின் அவர் உயிர் பிழைப்பதும் போவதும், அக்கணத்தில் கைக்கெட்டிய பொருளின் கொடுமையைப் பொறுத்திருந்தது.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கிருமிநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாட்டில் நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்தின் வழியே, உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என முதல் வகுப்பில் வைத்த மருந்துகளில் எஞ்சியிருந்தவை 1995ஆம் ஆண்டளவில் விலக்கப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் விலக்கப்பட்டது. 2008 முதல் 2011 வரையுள்ள காலத்தில் வேறு மூன்று மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன.

விளைவு யாது? பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் கன்னலும், நம் நாட்டுச் சட்ட மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவும், அவர்தம் துணைவரும் 2007ஆம் ஆண்டில் ஆய்வொன்றை வெளியிட்டனர். 1986 முதல் 1995 வரையுள்ள பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரையுள்ள பத்தாண்டுகளில் தற்கொலை மரணங்கள் ஏறத்தாழ 19,800 குறைந்திருந்தன என்பது அதன் முடிவு. வேலையின்மை, மணமுறிவு, மதுப்பழக்கம், போர் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுகளோடும் அவர்கள் ஒப்பிட்டு நோக்கினர். இவ்வீழ்ச்சிக்கு அவை காரணமாகத் தோன்றவில்லை. 2017ஆம் ஆண்டில் வெளியான மற்றோராய்வு, 1995 முதல் 2015 வரையுள்ள இருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என மதிப்பிட்டது. நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை அக்காலத்தே குறைந்துவிடவில்லை. வந்தோரில் இறந்தோர் தொகையே குறைந்தது. மருந்துகளை விலக்கினால் விளைச்சல் குன்றும் என்று அஞ்சியோர் இருந்தனர். 1995ஆம் ஆண்டின் தடைக்குப் பின்னர் நெல் விளைச்சல் குன்றவில்லை என்பதையும் ஆய்வாளர் காட்டினர்.

93,000 உயிர்கள்! ஒரு பெரும் பட்டினத்தின் மக்கள் தொகைக்கு நிகரானது அது. அவர்களுள் இன்று நம்மிடையே நடமாடுவோர் எவரெவர் என்று நாம் அறியோம். தாம் காக்கப்பட்டதை அவர்களிற் பலரும் அறியார். ஆனால் அவர்களைக் காத்த அறிவின் தொடக்கம், ஊர்தோறும் விசாரணை அதிகாரிகள் உள்ளதை உள்ளவாறு எழுதிய சில வரிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

பிற நாடுகளிலிருந்தும் இரண்டு சான்று கூறுவோம். கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர் 300 பேரின் இருதயங்களைப் பிரேத பரிசோதனையில் ஆராய்ந்த வைத்தியர்கள், 1953ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வீரரின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோரின் இருதய நாடிகளில் நோயின் தொடக்கம் காணப்பட்டது. முதுமையில் வருவது என்று கருதப்பட்ட நோய் இளமையிலேயே வேரூன்றுகிறது என்பதை மருத்துவ உலகம் அதனால் உணர்ந்தது. மற்றையது, நலமாய் உறங்கச் சென்ற குழந்தை தொட்டிலிலே இறந்து கிடக்கும் கொடுமை. பிரேத பரிசோதனையில் நோயெதுவும் தென்படாத இம்மரணங்களைத் தனிவகையாகப் பிரித்து 1969ஆம் ஆண்டில் வரையறுத்தனர். பின்னர் குழந்தைகள் கிடத்தப்பட்ட நிலையை விசாரித்து ஒப்பிட்டபோது, குப்புறக் கிடத்துதல் ஆபத்தானது எனத் தெளிந்தனர். குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள் என்னும் அறிவுரை 1991ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் நாடெங்கும் பரப்பப்பட்டது. அம்மரணங்கள் விரைந்து குறைந்தன. மருந்தில்லை, செலவில்லை, உண்மையை அறிந்ததே மருந்தாயிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? பதிவு மெய்யாக இருத்தல் வேண்டும்; தெளிவாகவும் இருத்தல் வேண்டும். "இருதயம் நின்றது" என்று எழுதினால் அதனால் அறியக் கிடப்பது ஒன்றுமில்லை. இறந்தார் எவர்க்கும் இருதயம் நின்றே தீரும். "நஞ்சு" என்று மட்டும் எழுதினால், விலக்க வேண்டிய நஞ்சு எது என்பது மறைந்துவிடும். "வீதி விபத்து" என்று மட்டும் எழுதினால், தலைக்கவசம் இருந்ததோ, விளக்கு எரிந்ததோ, வளைவு ஆபத்தானதோ என்பன மறைந்துவிடும். எழுதுவோர் கைநழுவ விட்ட சொல்லை ஆராய்ச்சியாளர் எங்கே தேடுவர்?

குடும்பத்தாரின் துயரத்தை யாம் அறியாதவரல்லேம். பிரேதத்தை விரைவில் வீடு கொணர்ந்து கிரியை செய்யவேண்டும் என்னும் தவிப்பும், ஊர்வாய்க்கு அஞ்சும் அச்சமும் இயல்பானவை. ஆதலின் விசாரணையை வீண் தாமதமின்றி, இறந்தவர்க்கும் இருப்பவர்க்கும் மதிப்பளித்து நடத்துதல் அதிகாரிகள் கடன். ஊராராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. ஒரு வீட்டின் துயரத்தை அவ்வீட்டுப் பெண்பிள்ளைகளின் வாழ்வுக்கு மறுவாக ஆக்காதிருத்தலே அது. பெரியதந்தையாரைப் பொய்யை நாடச் செய்தது நம்முடைய நாக்கேயன்றோ? தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டத்தை இந்நாடு 1998ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. சட்டம் விட்டதை ஊரார் விடாதிருத்தல் முறையன்று.

மாணவர்காள்! உங்களுள் சிலர் வைத்தியராவீர்கள், சிலர் சட்டத்தரணிகளாவீர்கள், சிலர் பதிவாளராகவும், கிராம அலுவலராகவும், விசாரணை அதிகாரியாகவும் அமர்வீர்கள். ஒருநாள் உங்கள் மேசையருகே அழுத கண்ணோடு ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு இரங்குங்கள்; ஆறுதல் கூறுங்கள்; தாளில் உண்மையையே எழுதுங்கள். உங்களுள் எவருக்கேனும் மனம் தாங்காத துயரம் நேர்ந்தால், அதனைத் தனியே சுமவாது ஆசிரியரிடமோ உற்றாரிடமோ உடனே கூறுங்கள். 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி எண்ணும் இதற்கென்றே உள்ளது. அக்கணம் கடந்துபோகும் என்பதை மேலே கண்ட கணக்குகளே மெய்ப்பிக்கின்றன.

எம் மாணவனின் தந்தையார் பெயர் எந்த ஆராய்ச்சி நூலிலும் இல்லை. ஆயினும் அவ்வாண்டுத் தொகையில் அவரும் ஒருவராக எண்ணப்பட்டிருப்பார். அவருடைய மரணம் பொய்யாய் மறையாது பிறர் உயிர் காக்கும் கணக்கில் ஒன்றாயிற்று என்பதே எமக்குள்ள ஆறுதல். எமது வேண்டுகோளை அன்று மறுத்த அம்முதியவருக்கு எம் நன்றியை இன்று இங்கே எழுதி வைக்கின்றோம்.