வெண்படையும் கரப்பானும்: நிர்ப்பீடனத்தின் இயக்கவியல் குறித்து

உடலின் நிர்ப்பீடனத்தைக் காவற்சேனையாகவும் நோயைப் புறப்பகையாகவும் உருவகிப்பது நெடுநாள் வழக்காகும். வெண்படையும் கரப்பானும் ஒருவரிடத்தே சேர்ந்து தோன்றும் நிலையை விளக்க முற்படுகையில் இவ்வுருவகம் பயனற்றுப் போகின்றது. முன்னையதில் தாக்கப்படுவது உடலின் சொந்தக் கலமே. பின்னையதில் தீங்கற்ற தூசும் பகையாகக் கொள்ளப்படலாம். (வெண்படையை 'வெண்குட்டம்' என்போர் இன்றும் உளர். குட்டநோய் பற்றீரியாவால் விளைவது. வெண்படை எவர்க்கும் தொற்றாதது. இப்பெயரால் மணப்பேச்சுகள் முறிவதை நாம் அறிவோம்.)

வெண்படையில், ரி-கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையின, மெலனினை ஆக்கும் கலங்களை அழிக்கின்றன. அவை சுரக்கும் இன்ரபெரோன் காமாவினால் தூண்டப்பட்ட அயற்கலங்கள், வேதிச் சமிக்ஞைகள் மூலம் மேலும் பல ரி-கலங்களை அவ்விடத்துக்கு ஈர்க்கின்றன. அழிவே அழிவைப் பெருக்குகின்றது. கரப்பானிலோ தோலின் புறத்தடுப்பு நலிவுற, இன்ரர்லியூக்கின்-4, 13 ஆகியவற்றைச் சுரக்கும் வேறொரு வகை ரி-கலங்கள் மேலோங்கி, அழற்சியையும் அரிப்பையும் விளைவிக்கின்றன.

1986 இல் மொஸ்மன், கொஃப்மன் ஆகியோர் எலிகளின் உதவி ரி-கலங்களை இரு வகைப்படுத்தினர். ஒருவகை மற்றையதை அடக்கும் என்னும் கருத்து அதன்பின் வேரூன்றிற்று. அவ்வாறாயின் இவ்விரு நோய்களும் ஒருவரிடத்தே அரிதாகவே சேர்தல் வேண்டும். நடைமுறையோ மாறானது. வெண்படையுடையோரிடத்துக் கரப்பான் கூடுதலாக உள்ளதென்பதை, சிறப்பாக 12 வயதுக்கு முன் வெண்படை தோன்றியோரிடத்து, 2015 இல் வெளியான தொகுப்பாய்வொன்று எடுத்துக்காட்டியது. முரண்பட்டவை ஒன்றையொன்று விலக்கியே தீரும் என்பது இயந்திரப் பாங்கான சிந்தனை என இலக்கிய விவாதங்களில் நாம் ஓயாது கூறி வந்துள்ளோம். தோலியலும் அதனைத் தன் வழியிற் கற்கவேண்டியிருந்தது.

ஒன்று மற்றையதற்கு வழிசமைப்பதும் உண்டு. கரப்பானின் அரிப்பினாற் சொறிந்து புண்பட்ட இடத்தில், வெண்படைச் சாய்வுடையோர்க்குப் புதிய வெண்திட்டு தோன்றலாம். ஜெர்மானிய மருத்துவர் கொப்னரின் பெயரால் வழங்கும் தோற்றப்பாடு இதுவே.

இதனினும் ஆழமான இணைப்பு கலத்தினுள்ளே உள்ளது. மேற்கூறிய எதிரெதிரான சமிக்ஞைகள் இரண்டையும் உட்கடத்துவன 'ஜாக்' என்னும் ஒரே குடும்பத்து நொதியங்களாகும். இவற்றைத் தடுக்கும் றக்சோலிற்றினிப் என்னும் பூச்சுமருந்தை ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 இல் கரப்பானுக்கும் 2022 இல் வெண்படைக்கும் அங்கீகரித்தது. எனினும் தோலிலே தங்கிவிட்ட நினைவு ரி-கலங்களை அது அகற்றுவதில்லை. நிறுத்தியபின் நோய் மீளலாம். அந்நாட்டில் அதன் ஒரு குழாயின் பட்டியல் விலை ஆயிரம் டொலருக்கு மேற்பட்டது. வெண்படைக்கோ அதனை 24 வாரங்களுக்கு மேலும் பூசவேண்டியிருக்கும்.