கண்ணை மட்டும் விட்டுட்டு...

"கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சுடுங்க சார்."

தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இந்த வசனம் தெரிஞ்சிருக்கும். அப்பாவோ தாத்தாவோ வாத்தியார்கிட்ட எழுதிக் கொடுக்காமலே கொடுக்கிற பவர் ஆஃப் அட்டர்னி அது. கையெழுத்து கிடையாது, சாட்சி மட்டும் உண்டு. பக்கத்துல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிற பையன் தான் சாட்சி :-)

இந்த வசனத்துக்கு இங்கிலாந்துச் சட்டத்துல ஒரு மூலையில இன்னமும் இடம் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? எனக்கும் முதல்ல நம்பிக்கை வரல. அந்த மூலை எங்கே இருக்கு, நம்ம ஆளுங்களுக்கும் அதுக்கும் என்ன தொடர்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதுகலை படிக்க வந்த இடத்துல, லண்டன் புறநகர் ஒன்றில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொண்டராகப் பாடம் எடுக்கிறேன். வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம். அனேகமா எல்லாமே ஈழத்துக் குடும்பங்கள். "அம்மா இங்கே வா வா" லெவலுக்குப் பெரிய சோதனை எதுவும் இருக்காதுன்னுதான் போனேன். ஆனா வகுப்புக்குள்ள விடுறதுக்கு முன்னாடி டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை, ஊர்ல இருந்து போலீஸ் சான்றிதழ், ரெண்டு பேரோட பரிந்துரைக் கடிதம், அரை நாள் பயிற்சி. பாஸ்போர்ட் எடுக்கும்போது கூட இவ்வளவு கேட்கல. பயிற்சியில சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு நூலகத்துல தேடினதுல ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்த ஊர்ப் பள்ளி விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால ஒரு பிள்ளை நிக்குது.

முதல்ல பிரம்புக் கதை. இங்கே ஒன்றும் பிறவியிலேயே அடிக்காதவங்க கிடையாது. இங்கிலாந்துல பிரம்பு, ஸ்காட்லாந்துல தோல்வார். 1976-ல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில ஒரு பையன், வீட்டுக்குப் போற வழியில தடை செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்துக் குறுக்கு வழியில போகப் பார்த்தான்னு தோல்வாரடி தண்டனை. அவன் கையை நீட்ட மாட்டேன்னுட்டான். பெற்றோரும் அவன் பக்கம் நின்னாங்க. பள்ளி அவனை இடைநீக்கம் செஞ்சது. அவன் திரும்பப் போகவே இல்லை, பள்ளிக்குப் போயே ஆகணும்ங்கிற வயசும் தாண்டிப் போச்சு. அவனோட அம்மாவும், தன் பையனை அடிக்க மாட்டோம்னு உத்தரவாதம் கேட்டுக் கிடைக்காத இன்னொரு அம்மாவும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் 1982 பிப்ரவரியில ஜெயிச்சாங்க. கேம்ப்பெல், கோசான்ஸ் வழக்குன்னு அதுக்குப் பேர்.

இதுல கவனிக்க வேண்டியது, தீர்ப்பு எதன் மேல நின்னதுங்கிறது. பிள்ளையை அடிப்பது கொடுமைன்னு நீதிமன்றம் சொல்லல. பெற்றோருக்கு அடி கூடாதுன்னு ஒரு கொள்கை இருந்தா பள்ளி அதை மதிக்கணும்னுதான் சொல்லுச்சு. அதாவது அடி வேண்டாம்னு சொல்ற உரிமை அம்மாவோடது; பையனுக்குன்னு பார்த்தது, இடைநீக்கத்தால அவனோட கல்வி உரிமை பறிபோனதை மட்டும்தான். இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னால வேலை இருக்கு.

அதுக்கப்புறம் நாடாளுமன்றம். 1986 ஜூலையில மக்களவையில பிரம்பை ஒழிக்க வாக்கெடுப்பு. 231-க்கு 230. ஒரே ஒரு ஓட்டு! நம்ம ஊர்ல இருந்து பார்த்தா என்னவோ நாகரிகத்தோட உச்சியில இருந்து எடுத்த முடிவு மாதிரி தெரியுது. ஒரு எம்.பி. மாறி ஓட்டுப் போட்டிருந்தா கதையே வேற. 1987 ஆகஸ்ட் 15-லிருந்து அரசுப் பள்ளிகளில் அடி நின்னுது. (நமக்கு மறக்க முடியாத தேதி!) தனியார் பள்ளிகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-ல் தான் வந்தது. வட அயர்லாந்துல 2003.

சரி, அந்த மூலைக்கு வர்றேன். இந்தத் தடை முழுநேரப் பள்ளிகளுக்கும், வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரமோ அதுக்கு மேலயோ நடக்கிற கல்வி நிலையங்களுக்கும்தான். வாரம் சில மணி நேரம் மட்டும் நடக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மதரசா, ஞாயிறு பள்ளி, டியூஷன் எல்லாம் வெளியே. இங்கிலாந்துல பெற்றோருக்கு "நியாயமான தண்டனை"ன்னு ஒரு சட்டக் காப்பு உண்டு. 2004-ம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 58-ம் பிரிவு அதைச் சுருக்குச்சே தவிர எடுத்துடல. காயம் பட்டா அந்தக் காப்பு செல்லாது. ஆனா லேசான அடிக்கு, பெற்றோர் இடத்துல நின்னு சொல்லிக்கொடுக்கிறவரும் அதே காப்பைக் கேட்க முடியும். 2010-ல் சர் ரோஜர் சிங்கிள்டன் அறிக்கை இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லுச்சு. அன்றைய அரசு ஏத்துக்குச்சு, ஆனா சட்டம் வரல. ஸ்காட்லாந்து 2020-லும் வேல்ஸ் 2022-லும் அந்தக் காப்பையே எடுத்துட்டாங்க.

இப்போ புரியுதா? எங்க பள்ளிக்கு வர்ற ஒரு அப்பா, "தம்பி, கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்துக்கு நல்லாக் குடுங்கோ, அப்பதான் தமிழ் வரும்" என்று சிரிச்சுக்கிட்டே சொல்லும்போது, அவர் அறியாமலே அந்தச் சட்ட ஓட்டைக்கு உள்ளே நின்னு பேசறார். 1982-ல் ரெண்டு அம்மாக்கள் "வேண்டாம்" என்று சொல்லப் பயன்பட்ட அதே பெற்றோர் உரிமை, இங்கே "சரி" என்று சொல்லப் பயன்படுது. ரெண்டு இடத்துலயும் பிள்ளையை யாரும் கேட்கல.

'அடியாத மாடு படியாது'ன்னு பின்னூட்டம் போட விரல் துடிக்கிறவங்களுக்கு: இங்கே அடிக்கு பதிலா என்ன செய்றாங்கன்னும் பார்க்கலாம். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரும் நடத்தை விதிகளை எழுத்துல வைக்கணும். வகுப்புக்கு அப்புறம் நிறுத்தி வைக்கலாம், இடைநீக்கம் செய்யலாம். இடைநீக்கம் ஒரு கல்வி ஆண்டுக்கு மொத்தம் 45 பள்ளி நாளைத் தாண்டக் கூடாது. காரணத்தைப் பெற்றோருக்கு எழுத்துல தரணும். ஆஹா ஓஹோன்னு சொல்ல மாட்டேன். ஏழைப் பிள்ளைகளும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும்தான் அதிகமா வெளியே அனுப்பப்படுறாங்க. பிரம்பு போன இடத்துல கதவு வந்திருக்குன்னு இங்கேயே பலர் திட்டுறாங்க. ஆனா கதவைச் சாத்தினா அதுக்கு ஒரு கடிதம் இருக்கு, தேதி இருக்கு, கேள்வி கேட்க வழி இருக்கு. நம்ம ஊர் முட்டி போடுறதுக்கு ரசீது கிடையாது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெருசாப் பட்டது வேற விஷயம். ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொன்னா என்ன செய்யணும்ங்கிற விதி.

2000 பிப்ரவரியில விக்டோரியா கிளிம்பியேன்னு 8 வயசுப் பெண் லண்டன்ல செத்துப் போனாள். ஐவரி கோஸ்ட்ல இருந்து, நல்லாப் படிக்க வைப்பாங்கன்னு நம்பிப் பாட்டி முறை உறவுக்காரியோட அனுப்பி வெச்ச பிள்ளை. அந்தப் பெண்மணியும் அவளோட துணைவனும் செய்த சித்திரவதையில உயிர் போச்சு. சமூகநலத் துறைகள், மருத்துவமனைகள், காவல்துறை எல்லாருக்கும் அவளைத் தெரியும். காப்பாத்த குறைஞ்சது 12 வாய்ப்புகள் இருந்துச்சுன்னு 2003-ல் லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை சொல்லுச்சு. ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருந்தது, யாரும் சேர்த்து வெச்சுப் பார்க்கல. படிக்க வந்த அவளை இங்கே ஒரு பள்ளியிலயும் சேர்க்கவே இல்லை. 2004 சட்டம் அந்த மரணத்துக்கு அப்புறம் வந்தது.

2002 ஆகஸ்ட்ல சோகம் என்ற ஊர்ல (ஊர்ப் பேரே அதுதான்) பத்து வயசுப் பெண்கள் ரெண்டு பேர் கொலை. செஞ்சவன் அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில பராமரிப்பாளர். அவன் மேல வேற ஊர்ல முன்னமே பல புகார்கள் காவல்துறைக்குப் போயிருந்துச்சு. வேலைக்கு எடுத்த பள்ளிக்கு அந்தத் தகவல் வரல. 2004 பிச்சார்ட் விசாரணை, 2006 சட்டம், அப்புறம் இன்றைய டிபிஎஸ். நான் அலுத்துக்கிட்டே நிரப்பின அந்தப் படிவத்துக்கு இதுதான் பூர்வீகம்.

இந்தப் பாடங்களை எல்லாம் சேர்த்து ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க. 2014-லிருந்து அனேகமா வருஷா வருஷம் திருத்துறாங்க. பள்ளியில பிள்ளைகளோட நேரடியா வேலை செய்றவங்க எல்லாரும் அதோட முதல் பகுதியைப் படிச்சே ஆகணும். சாரம் இதுதான்:

ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் பாதுகாப்புக்குன்னு பேர் சொல்லி ஒரு மூத்த ஊழியர் இருக்கணும். பிள்ளை ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா கேளு, குறுக்கே பேசாதே. "அப்பாவா அடிச்சார்?"னு பதிலை நீயே ஊட்டாதே, "என்ன நடந்துச்சு?"ன்னு கேளு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதே. பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுது, தேதி நேரம் போட்டுக் கையெழுத்துப் போடு. தாமதிக்காம அந்தப் பொறுப்பாளர்கிட்ட சேர்த்துடு. உண்மையா பொய்யான்னு துப்பறியறது உன் வேலை இல்லை.

சின்ன விஷயம் மாதிரி இருக்கு, ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு பிள்ளை சொன்னதை ஒரு பெரிய மனுஷர் தனக்குள்ளேயே வெச்சுக்க முடியாதபடி கட்டின ஏற்பாடு இது. "ஸ்கூல் பேர் கெட்டுடும்", "பொண்ணோட எதிர்காலம்", "அவர் ரொம்ப நல்ல வாத்தியார்" போன்ற நம்ம வழக்கமான மூடிகளுக்கு இதுல இடமே இல்லை.

"நம்ம நாட்டுல சட்டம் இல்லையே"ன்னு யாராவது சொன்னா அது தப்பு. தமிழ்நாட்டுல 2003-லயே கல்வி விதி 51-ஐத் திருத்திப் பிள்ளைகளுக்கு உடல் வலியும் மன வலியும் தரக் கூடாதுன்னாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அடியையும் மன உளைச்சலையும் தடை பண்ணுது. 2012 போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, பிள்ளை மேல பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சவர் புகார் செய்தே ஆகணும். 21-ம் பிரிவுப்படி மறைச்சா ஆறு மாசம் வரை சிறை, நிறுவனத் தலைவர்னா ஒரு வருஷம் வரை. இங்கே இப்படி ஒரு சட்டக் கடமை வேணும்னு குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய விசாரணை ஆணையம் பரிந்துரைத்ததே 2022 அக்டோபர்ல தான். காகிதத்துல நாம பத்து வருஷம் முன்னாடி. நம்ம பள்ளிகள்ல குறையறது சட்டம் இல்லை. யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு பிள்ளைக்கும் தெரியாது, கேட்டதை எந்தத் தாள்ல எழுதறதுன்னு வாத்தியாருக்கும் தெரியாது. ஆளும் தாளும் இல்லாத சட்டம் கண்ணாடிப் பெட்டியில வெச்ச தீயணைப்புக் கருவி மாதிரி. சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியாது.

எங்க சனிக்கிழமைப் பள்ளிக்கு அந்த வழிகாட்டி கட்டாயம் இல்லை. 2020-ல் அரசு வெளியிட்ட தன்னார்வ நடைமுறைக் குறிப்புதான் உண்டு. அதை எடுத்து வெச்சுக்கிட்டு விதி எழுத நிர்வாகக் குழு கூடினப்போ பெரிய வாக்குவாதம். "எங்கட பிள்ளையளை வெள்ளைக்காரன் பிடிச்சுக்கொண்டு போயிடுவான்" என்று ஒரு பெரியவர் நேரடியாவே சொன்னார். அந்தப் பயத்தைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. போர்ல எல்லாம் இழந்து வந்தவங்களுக்கு, மிச்சம் இருக்கிறது பிள்ளைகள் மட்டும்தான். அரசாங்கம்னாலே கதவைத் தட்டுற ஆமிக்காரன் ஞாபகம் வர்றவங்க அவங்க. அவருக்குப் பதில் சொன்னது நான் இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போ எங்க பள்ளியில அரிச்சுவடி எடுக்கிற அக்கா. "ஐயா, நான் சின்னனா இருக்கேக்க யாரிட்டப் போய்ச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளையளுக்கு அது தெரியவேணும்." அவ்வளவுதான் சொன்னாங்க. என்ன நடந்துச்சுன்னு யாரும் கேட்கல. அறை கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு. பெரியவர் தலையாட்டினார்.

அன்னைக்கு முடிவானது நாலே வரி. யாரும் யாரையும் அடிக்கிறதில்லை, பெற்றோர் சொன்னாலும் கூட. ஒரு பிள்ளையோட தனியறையில கதவைச் சாத்திக்கிட்டு இருக்கக் கூடாது. பிள்ளை சொன்னா எழுதி அன்னைக்கே கொடுக்கணும். யார்கிட்ட கொடுக்கணும்ங்கிற பேரும் படமும் சுவர்ல, ஏழு வயசுப் பிள்ளையோட கண் உயரத்துல, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டணும்.

உலகம் முழுக்க இருக்கிற பதிவர் மக்களே, உங்க ஊர் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியிலோ, ஊர்ல உங்க அக்கா பசங்க படிக்கிற பள்ளியிலோ ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "ஒரு பிள்ளைக்கு ஏதாவது சொல்லணும்னா இங்கே யார்கிட்ட போகணும்?" சட்டுனு ஒரு பேர் வருதா, இல்லை எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறாங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு: இந்தியாவில குழந்தைகள் உதவி எண் 1098. உங்க வீட்டு வாண்டுகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டோட இதையும் மனப்பாடம் பண்ண வைங்க.