கடலிலேயே கழிந்த குழந்தைப் பருவம்: ஜாலியா, சிறையா?

பள்ளிக்கூடம் கிடையாது, தினமும் கடல்தான் என்றால் எந்தக் குழந்தைக்கும் 'ஜாலி'யாகத்தான் தோன்றும். பிரிட்டனைச் சேர்ந்த சூசன் ஹேவுட்டின் நினைவுகள் வேறு மாதிரி.

1976-ல், கேப்டன் குக் போன கடல்வழியில் போய்வரலாம் என்று அப்பா பாய்மரக் கப்பலில் குடும்பத்தோடு கிளம்பியபோது சூசனுக்கு வயது 7. மூணு வருஷப் பயணம் என்றார்கள். ஆனது 10 வருஷம்.

கிளம்பிய சில மாதங்களிலேயே, இந்தியப் பெருங்கடலில் ராட்சத அலை அடித்து சூசனின் மண்டை ஓடு உடைந்தது. ஒரு சின்னத் தீவில், மயக்க மருந்து இல்லாமலேயே பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது.

காயம் ஆறியது, தனிமை ஆறவில்லை. கூடப் படிக்க, விளையாட நிலையான தோழிகள் இல்லை. அஞ்சல்வழியில் படித்தே ஆக்ஸ்ஃபோர்டில் இடம்பிடித்தார். 2023-ல், கப்பலின் பெயரான 'வேவ்வாக்கர்' என்பதையே தலைப்பாக வைத்து எல்லாவற்றையும் எழுதினார்.

கப்பலை எங்கே திருப்புவது என்பது அப்பாவின் முடிவு. பிடிக்கலைன்னா இறங்கிப் போக, மகளுக்குத்தான் கரை இல்லை.