மாநகர வண்டி மோதினால் நஷ்ட ஈடு உண்டா?

ஜனக்புரியில் குடியேறிய நம்மவர்களில் டி.டி.சி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போய் வராதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட பஸ்ஸோ, கார்ப்பரேஷனின் குப்பை லாரியோ இடித்துக் கை கால் முறிந்துவிட்டால் பலரும் சொல்வது, “சர்க்கார் வண்டியாச்சே, யார் மேல் கேஸ் போடுவது?” என்பதுதான். இந்தத் தயக்கத்தால் கிடைக்க வேண்டிய பணத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

சர்க்கார் வண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது என்பது 1962-லேயே முடிவான விஷயம். 1952 பிப்ரவரியில் உதய்பூர் கலெக்டரின் ஜீப், ரிப்பேர் முடிந்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பும்போது நடைபாதையில் போனவரை இடித்துத் தள்ளியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். டிரைவர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்று ராஜஸ்தான் அரசு உச்ச நீதிமன்றம் வரை வாதாடித் தோற்றது. நஷ்ட ஈடு 15,000 ரூபாய்.

நம் டி.டி.சி.யே ஒரு காலத்தில் மாநகராட்சியின் கையில் இருந்ததுதான். 1958 முதல் 1971 வரை தில்லி பஸ்களை ஓட்டியது கார்ப்பரேஷன். இந்த டி.டி.சி. பஸ் ஒன்றால் வந்த வழக்குதான் இன்று நாடு முழுவதும் நஷ்ட ஈட்டுக் கணக்குக்கு வாய்ப்பாடாக இருக்கிறது. 1988 ஏப்ரல் 18-ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த 38 வயது விஞ்ஞானி அந்த விபத்தில் இறந்தார். மனைவி, மூன்று சிறு குழந்தைகள், பெற்றோர், தாத்தா என்று பெரிய குடும்பம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2009 ஏப்ரல் 15-ல். ரூ. 8,84,870, அதற்கு வட்டி. இடையில் ஓடியது 21 வருஷம்! அந்தத் தீர்ப்பில்தான் வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண் நிர்ணயமாயிற்று: 36 முதல் 40 வயது வரை 15, 41 முதல் 45 வரை 14, 56 முதல் 60 வரை 9 என்று.

உயிர்ச்சேதத்தைவிட ஊனத்தில்தான் கணக்குச் சிக்கல் அதிகம். டாக்டர் “காலில் 45 சதவீத ஊனம்” என்று சர்டிபிகேட் கொடுத்தால், வருமானத்தில் 45 சதவீதம் போயிற்று என்று அர்த்தமில்லை. 1991-ல் அடிபட்ட சீஸ் வியாபாரி ஒருவரின் வழக்கில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கிச் சொல்லியது. அவரை இடித்தது மாநகர வண்டி அல்ல. ஆனால் விதி எல்லா வண்டிக்கும் ஒன்றே. இடது கை போன தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போகிறது. சர்க்கார் குமாஸ்தாவுக்கு உத்தியோகம் நிற்கலாம். ஆகவே காயத்தைவிட, அந்தக் காயத்தோடு அவரவர் தொழிலைச் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி.

உதாரணமாக, மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் 38 வயதுக்காரருக்கு வருமான இழப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,40,000, அதை 15-ஆல் பெருக்கினால் 36 லட்சம், அதில் 40 சதவீதம் 14,40,000 ரூபாய். வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளமும், பட்ட வேதனைக்கான தொகையும் இதற்கு மேல். எதிர்காலச் சம்பள உயர்வையும் சேர்த்துக் கேட்கலாம். வீட்டு வேலைக்கும் விலை உண்டு என்று 2021 ஜனவரியில் நீதிபதி ரமணா எழுதிய தீர்ப்பைப் படித்த மாமிகள், சமையல்கட்டிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தே பேசலாம்!

நியூயார்க்கில் மாநகர வண்டி இடித்தால் 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நகரின் கணக்கு அதிகாரியின் அலுவலகமே பேசி முடித்துவிடும். இங்கே அந்த வேலையை லோக் அதாலத் செய்கிறது. தீஸ் ஹஸாரியிலும் துவாரகாவிலும் அதாலத் நாளன்று போனால், வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்கு ஒரே நாளில் முடியும். ஆனால் ஒன்று: அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்பீல் கிடையாது. எதிர்த்தரப்பு சொல்லும் தொகையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் ஆபரேஷன் பாக்கியிருந்தால், ஊன சர்டிபிகேட் வராதிருந்தால், அவசரப்பட வேண்டாம். 21 வருஷம் காத்திருப்பதும் புத்திசாலித்தனம் அல்ல; கணக்கில் முக்கால்வாசிக்கு மேல் கைக்கு வருமென்றால் நான் வாங்கிக்கொள்ளவே சொல்வேன்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் உள்ளாட்சிகளும் தனி நிதி வைத்திருந்தால் இன்ஷூரன்ஸ் எடுக்காமலிருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்போது பணம் தர வேண்டியது அவர்களேதான். தராவிட்டால் என்ன ஆகும்? நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா வந்து பயணிகளை இறக்கிவிட்டு அரசு பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியைப் படிக்காத தமிழர் உண்டா?

வண்டி யாருடையது என்பதை ஆர்.சி.யில் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம். குப்பை லாரி கான்டிராக்டருடையதாக இருக்கலாம். 2012 முதல் 2022 மே வரை ஜனக்புரி தெற்கு தில்லி மாநகராட்சியின் கீழ் இருந்தது; பிறகு மூன்றும் மறுபடி ஒன்றாயின. பழைய வழக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

அடிபட்டவரை தீன் தயாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எம்.எல்.சி. போடச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பஸ் டிக்கெட், மருந்து பில், சம்பளச் சீட்டு எதையும் எறியாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிப்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸார் முதல் அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் டிரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும். மனுவுக்கு 6 மாதக் கெடு என்ற சட்டத் திருத்தமும் அப்போதே அமலுக்கு வந்தது. இதை எதிர்த்தும் வழக்குகள் உண்டு. எப்படியும் கெடுவுக்குள் போடுவதே நல்லது.

ரிடையராகி ஊரோடு போகிற நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று. விபத்து தில்லியில் நடந்தாலும், குடியிருக்கும் ஊரின் டிரிப்யூனலிலேயே மனு போட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு இடம் தருகிறது. பங்கா ரோடில் அடிபட்டவர் கும்பகோணத்தில் குடியிருந்தால் அங்கிருந்தே வழக்கை நடத்தலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டியதில்லை.