மூளையைக் காட்டும் படம்

மூளை முடக்குவாதம் கை கால்களின் நோயன்று. வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பின் விளைவு. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861ஆம் ஆண்டிலேயே இதனைக் கடினமான பிரசவத்தோடும் குறைமாதப் பிறப்போடும் தொடர்புபடுத்தினார்.

மூளையில் பாதிப்பு எங்கே என்று எப்படி அறிவது? பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழி வழியே மீயொலியைச் செலுத்திப் பார்க்கலாம். நுட்பமாகக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். இதில் எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தப்புலத்தில், உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலையை ஏற்றுத் திருப்பித் தரும் சைகையே படமாகிறது.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை அறைகளை ஒட்டிய வெண்பொருளில் பாதிப்பு மிகுதி. நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது பிராணவாயு தடைப்பட்டால், ஆழத்திலுள்ள சாம்பல்நிறப் பகுதிகள் கெடலாம். ஆகவே பாதிப்பின் இடம் அது நேர்ந்த காலத்தையும் உணர்த்துகிறது.

ஆயினும் படமே தீர்ப்பன்று. இந்நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குப் படம் இயல்பாகவே இருக்கும். படத்தோடு குழந்தையின் தன்னியல்பான அசைவுகளையும் நரம்புப் பரிசோதனையையும் சேர்த்து நோக்கினால், 5 மாதத்திற்கு முன்பே பெரும்பாலும் கண்டறியலாம் என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர்கள் வழிகாட்டினர். இளமூளை பயிற்சிக்கு எளிதில் இணங்கும். எனவே ஒவ்வொரு மாதமும் பொன்னானது.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இத்தகைய குழந்தையைப் பெற்றவளை, ‘கிரகணத்தில் வெளியே வந்தாள்’ என்று எங்கள் ஊரில் இன்றும் பழிக்கிறார்கள். படத்தில் தெரிவது மூளையின் காயம், கிரகணமன்று. தோழர்களே, இதை உங்கள் ஊரிலும் சொல்லுங்கள். குழந்தையைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.