மாலேயில் ஆங்கிலம், தம்புள்ளையில் வியாபாரம்

மாலைதீவு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மாசிதான். மாசி இங்கே வர, இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே போனார்கள். 1960களின் தொடக்கத்தில் மாலேப் பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலக் கல்வி ஆரம்பமானபோது படிப்பிக்கச் சென்றவர்களில் இலங்கையர் பலர். இன்றும் போகிறார்கள்.

அங்கே ஆங்கிலம் படிப்பிக்கும் நம்மூர் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்து சொன்ன கதைகள் சுவையானவை. மாலே 2 சதுர கிலோமீற்றர் அளவேயான தீவு. சம்பளத்தில் பெரும்பங்கு அறை வாடகைக்குப் போகிறதாம். தொழுகை நேரம் வந்தால் கடைக்கதவுகள் சாத்தப்படும். ஞாயிறு காலை அவர் வகுப்பில் நிற்பார். இங்கே வீட்டாருக்கு லீவு.

வியாபாரிகளே, இந்தக் கடைசி விடயத்தைக் கவனியுங்கள். அவர்களுக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. நம் வங்கிகளுக்குப் பொதுவாக சனி, ஞாயிறு. இரு பக்கமும் சேர்ந்து திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை 4 நாட்களே. இடையில் போயா வந்தால் 3. நமக்குக் காலை 9 மணி என்றால் அங்கே 8.30.

வியாழன் பின்னேரம் அனுப்பும் பில் திங்கள்வரை தூங்கும். 1999இல் ஆரம்பமான நம் பொருளாதார மத்திய நிலையத்துப் போஞ்சி அதுவரை பொறுக்குமா? மரக்கறி ஏற்றுமதியில் இறங்குபவர் பணப் பேச்சைப் புதனுக்குள் முடிக்க வேண்டும்.

அவர் பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது சிறு கடிதமாம்: என்ன, எவ்வளவு, எப்போது. நம் பிள்ளைகள் ஓ.எல். முடித்தும் அந்த மூன்று வரியைக் கொழும்புத் தரகர்தான் எழுதுகிறார். கொமிஷனும் அவருக்கே. கடல் கடந்து ஆசிரியர்களை அனுப்பிய நாடு, கடைக்குக் கடிதம் எழுத ஆள் தேடலாமா?